சொல்பவருக்கு யார் காவல்?

2024 ஜூன் 18 இரவு. கள்ளக்குறிச்சி நகரை ஒட்டிய கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று ஒருவர் பின் ஒருவராகச் சாயத் தொடங்கினார்கள். குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலுமாக 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வழக்கு முதலில் சிபிசிஐடியிடம் போய், பிறகு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ கைக்குப் போனது.

அந்த நாட்களில் அங்கே போன செய்தியாளர்கள் திரும்பத் திரும்ப எழுதிய விவரம் ஒன்று உண்டு. சாராயம் விற்றது காட்டுக்குள் இல்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் அருகிலேயே இருந்தன. யார் விற்கிறார், எந்த வீட்டில் விற்கிறார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரிந்த சங்கதி.

கிராமப்புறக் குற்றங்கள் பெரும்பாலும் இப்படித்தான். துப்புத் துலக்க வேண்டிய மர்மம் அதில் குறைவு. மணல் அள்ளுகிற லாரி யாருடையது, எந்த வீட்டில் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, ஆடு பிடிக்கிற பையன்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பது ஊரில் யாராவது ஒருவருக்குத் தெரிந்தே இருக்கும். அந்தத் தகவல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போவதில்லை. போனாலும், சொன்னவரின் பெயரோடு ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறது. "நமக்கு எதுக்குப்பா வம்பு" என்று பெரியவர்கள் சொல்வதைக் கோழைத்தனம் என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது எளிது. அந்த வார்த்தைக்குப் பின்னால் நிறைய அனுபவம் இருக்கிறது.

காவல்துறையும் ஊர்மக்களும் மற்ற துறைகளும் கைகோத்துக் குற்றத்தைக் குறைப்பது என்ற பேச்சு தமிழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. வந்துபோன திட்டங்களை எல்லாம் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: தகவல் சொன்னவர் என்ன ஆனார்?

ஒரு நிலையம், பல ஊர்கள்

ஒரு கிராமப்புறக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் பல ஊராட்சிகளும் அவற்றின் குக்கிராமங்களும் அடங்கும். இருக்கிற காவலர்களில் சிலர் நீதிமன்றப் பணிக்கும், சிலர் பந்தோபஸ்துக்கும், சிலர் மாற்றுப்பணிக்கும் போய்விடுவார்கள். இரவு ரோந்துக்கு மிஞ்சுவது ஓரிருவர். 2021 நவம்பர் 21 அதிகாலையில் திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு இரு சக்கர வாகனங்களில் தப்பியவர்களைத் தனியாகத் துரத்திக்கொண்டு புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் போனார். கீரனூர் பக்கம் சிலரை மடக்கிப் பிடித்தார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் சிறார்களும் இருந்தார்கள்.

ஆடு திருட்டு என்றால் செய்தித்தாளில் உள்பக்கத்து நாலுவரிச் செய்தி. ஆனால் மானாவாரி நிலத்தில் வாழும் குடும்பத்துக்கு ஆடுதான் வங்கிக் கணக்கு. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் அதிலிருந்துதான் எடுக்கப்படும். திருடிய ஆட்டை வைத்துக்கொண்டு யாரும் நாள் கடத்துவதில்லை. விடிவதற்குள் வண்டி மாறி, சந்தைக்கோ கறிக்கடைக்கோ போய்விட வேண்டும். அப்படியென்றால் இந்தத் திருட்டைத் தடுக்கக்கூடியவர்கள் யார் யார்? சந்தைக் குத்தகைதாரர், ஆட்டு வியாபாரி, கறிக்கடைக்காரர், கடைக்கு உரிமம் கொடுக்கும் உள்ளாட்சி, காது வில்லை போடும் கால்நடைத் துறை. அத்தனை பேருக்கும் நடுவில் காவலர் ஒருவர். அதிகாலை இருட்டில் ஒற்றை ஆளாக அவர் துரத்திக்கொண்டு போனதற்கு, மற்றவர்கள் யாரும் தங்கள் பங்கு வேலையை அதுவரை செய்திருக்கவில்லை என்பதும் ஒரு காரணம். பகலில் சந்தை வாசலில் முடிக்க வேண்டிய காரியம் அது.

ஊர்க்காவல் என்பது நமக்குப் புதிதல்ல. தென் மாவட்டங்களில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. ஊரார் விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்காரருக்குக் கொடுப்பார்கள். களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடுகட்டுவதோ அவர் பொறுப்பு. சென்னை மாகாணத்தின் 1816-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி கிராமத் தலைவருக்கே காவல் பொறுப்பைக் கொடுத்து, தலையாரியை அவருக்குக் கீழே வைத்தது. 1859-இல் மாவட்டக் காவல் சட்டம் வந்தபிறகு சீருடைக் காவலர் மேலே வந்தார். பழைய காவல் முறையை மிரட்டிப் பணம் பறிப்பதாகவே ஆங்கில அரசு பார்த்தது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு முழுச் சமூகங்களையே ரேகைப் பதிவேட்டில் ஏற்றியது. அதை எதிர்த்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கியால் பதில் சொன்னது. ஊரையே சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்ட அரசுக்கு ஊர் எப்படித் தகவல் சொல்லும்? அந்தக் காயத்தின் தழும்பு இன்னும் மறையவில்லை.

கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் 1980 நவம்பர் 14 அன்று ஒழிக்கப்பட்டன. பரம்பரையாக ஒரே சில குடும்பங்களில் தேங்கிக் கிடந்த அதிகாரம் உடைந்தது, உடையத்தான் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஊரில் நடக்கும் குற்றங்களைத் தெரிவிப்பது கிராம அலுவலர்களின் கடமை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அதுவே 34-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. கடமையைச் சட்டம் கொடுத்துவிட்டது. கடமையைச் செய்தவருக்கு என்ன நேரும் என்பதைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் சொல்லவில்லை.

ராமநாதபுரத்தில் தொடங்கியது

1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், 'காவல்துறை நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்தபோது பணியில் இருந்து படுகாயமடைந்த அதிகாரி அவர். அன்று அவர் அணிந்திருந்த தொப்பியும் பெயர்ப்பட்டையும் வழக்கின் சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் இருந்தன. 2021-இல் ஓய்வுபெறும் நாளில் அணிந்துகொள்ள அவற்றை நீதிமன்ற அனுமதியோடு வாங்கிக்கொண்டார்.

தேர்ந்தெடுத்ததுபோல அமைந்த இடம் ராமநாதபுரம். வறட்சி, கடலோரக் கடத்தல், 1957 முதுகுளத்தூர்க் கலவரத்திலிருந்து ஆறாத சாதிப் பகை, காவல் நிலைய வாசலை மிதிப்பதே அவமானம் என்ற எண்ணம் எல்லாம் ஒருசேர இருந்த மாவட்டம். குற்றப் பின்னணி இல்லாத, கட்சி சார்பற்ற சாதாரண மனிதர்கள் நிலையத்துக்குள் வந்துபோகப் பழகினால் அச்சம் குறையும், தகவல் வரும், காவலரின் நடத்தையும் மாறும் என்பதுதான் யோசனை. திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, ரோந்தில் கூடப் போவது, விழிப்புணர்வு என்று வேலைகள் பிரிக்கப்பட்டன. திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. காவல் பயிற்சியில் புதுமைக்கான பிரிட்டன் அரசியின் விருது 2002-இல் இதற்குக் கிடைத்தது.

நல்ல யோசனைதான் என்று இன்றும் நினைக்கிறேன். நிலையத்துக்குள் சீருடை இல்லாத ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது, புகார் கொடுக்க வரும் ஏழைக்கு எவ்வளவு தெம்பு என்று நிலைய வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதன் அடிப்படையில் ஓட்டை இருந்தது. நண்பருக்குச் சட்டத்தில் இடம் இல்லை. அவருக்கு என்ன அதிகாரம் உண்டு, என்ன கிடையாது, தப்பு செய்தால் யார் விசாரிப்பார் என்பதெல்லாம் அந்தந்த அதிகாரியைப் பொறுத்திருந்தது. நல்ல ஆய்வாளர் இருந்த இடத்தில் நண்பர் ஊரின் குரலாக இருந்தார். மற்ற இடத்தில் ஆய்வாளரின் கையாளாக மாறினார். ஊர் சார்பில் கேள்வி கேட்க வேண்டியவர், நிலையத்தின் சார்பில் ஊரை அதட்டுகிறவர் ஆகிவிட்டால் அந்தக் கூட்டு முடிந்த கதை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை அடைக்கும் நேரத்தைச் சாக்காக வைத்துப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் நடந்த சித்திரவதைக்குப் பிறகு இறந்தார்கள். அன்றைக்கு நிலையத்தில் காவல்துறை நண்பர்கள் அமைப்பின் தன்னார்வலர்களும் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பயிற்சி பெற்ற உறுப்பினர் யாரும் அதில் இல்லை என்று அமைப்பின் தரப்பு மறுத்தது. சிபிஐ குற்றப்பத்திரிகையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் காவல்துறையினரே. ஆனாலும் அந்த ஜூலையிலேயே தமிழக அரசு அமைப்பைத் தடை செய்தது. ஊரடங்குக் காலத்தில் லத்தியோடு தெருவில் நின்று வண்டிகளை மடக்கிய, அடையாள அட்டை இல்லாத இளைஞர்களைப் பார்த்திருந்த மக்களுக்குத் தடை நியாயமாகவே பட்டது.

சாத்தான்குளத்தில் இன்னொன்றும் நடந்தது. அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், நீதித்துறை நடுவரிடம் தான் கண்டதைச் சொன்னார். நடுவர் அங்கே விசாரித்த விதமே மிரட்டலுக்கு நடுவில்தான் என்று அவருடைய அறிக்கை கூறியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு அந்தத் தலைமைக் காவலருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. காவல் நிலையத்துக்குள்ளேயே உண்மை பேசியவருக்கு உயர் நீதிமன்றம்தான் துணைக்கு வரவேண்டியிருந்தது என்றால், ஊரில் கூலி வேலை செய்யும் ஒரு பெண் சாராய வியாபாரியைப் பற்றி எந்த நம்பிக்கையில் வாய் திறப்பார்?

ஊர் என்றால் யார்?

'ஊர்மக்கள் ஒத்துழைப்பு' என்று அரசாணைகள் எழுதும்போது ஊர் ஒன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கின்றன. தமிழகக் கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை, பல இடங்களில் இளைஞர்கள் பேசுவதில்லை. காவல்துறை 'ஊர் முக்கியஸ்தர்கள்' என்று கூப்பிட்டு டீ கொடுக்கும் ஐந்தாறு பேர் யார் என்று பாருங்கள். முன்பு ஊர்ப்பஞ்சாயத்தில் தண்டம் விதித்த அதே வீட்டு ஆட்கள்தான் அமைதிக் குழுவிலும் இருப்பார்கள். காதலித்தவர்களைப் பிரிப்பதும், வன்கொடுமைப் புகாரை 'சமாதானம்' பேசி வாபஸ் வாங்க வைப்பதும் இப்படிப்பட்ட குழுக்களின் பெயரிலேயே நடந்துவிடும். கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அடித்துச் சொன்னது. அதுவும் தமிழகத்திலிருந்து போன வழக்கில்தான்.

இதே ராமநாதபுரம் மாவட்டத்தில் 2011 செப்டம்பர் 11, தலித் தலைவர் இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் காவல்துறை சுட்டதில் தலித்துகள் இறந்தார்கள். காவல்துறை நண்பர்கள் பிறந்த மாவட்டத்தில், அந்தத் திட்டத்துக்குப் பதினெட்டு வயதானபோது. ஆண்டுதோறும் முன்கூட்டியே தேதி தெரிந்த நிகழ்ச்சி அது. இரு தரப்பிலும் நம்பத்தக்க ஆட்களோடு ஆண்டு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டிய இடம்.

அப்படிப்பட்ட ஏற்பாடு காகிதத்தில் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995 விதிகளில் 17-ஆவது விதியின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், காவல் கண்காணிப்பாளர், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த அரசு சாரா உறுப்பினர்கள், தொண்டு நிறுவனத்தினர் எல்லாரும் அதில் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். காவல்துறையை உட்கார வைத்து 'இந்த வழக்கில் குற்றப்பத்திரிகை ஏன் தாமதம்?' என்று சாதாரண உறுப்பினர் கேட்க இடமிருக்கும் அபூர்வமான மேசை இது. கூட்டம் ஒழுங்காக நடந்தால் இதைவிடப் பெரிய குற்றத்தடுப்பு கிடையாது என்பது என் கருத்து. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, என்ன பேசினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் ஊரே காவலை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண் இறந்தார். விழிப்பாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதுதான் மிஞ்சும்.

ஒரு கல்யாணம் எப்படி நிற்கிறது

காவல்துறை நடுநாயகமாக இல்லாத இடத்தில்தான் கூட்டு வேலை நன்றாக நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் குழந்தைத் திருமணம் நிறுத்தப்படும் முறையைக் கிட்டத்தில் பாருங்கள்.

பெரும்பாலும் ஒரு போன் வருகிறது, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு. பேசுவது வகுப்புத் தோழியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், சில நேரம் அந்தப் பெண்ணேயாகக்கூட இருக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஊரும், பெண்ணின் அப்பா பெயரும், முகூர்த்த நாளும் போதும். தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் சமூகநலத் துறைக்கும் போகிறது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் சமூகநல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். ஊர்நல அலுவலர், கிராம நிர்வாக அலுவலர், மகளிர் காவலர் என்று மூன்று நான்கு பேர் வண்டியேறிப் போகிறார்கள். "பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சும்மா" என்பார் அம்மா. அங்கே பள்ளி மாற்றுச் சான்றிதழ் பேசும். அதற்குத் தலைமையாசிரியரின் ஒத்துழைப்பு வேண்டும். பெற்றோரிடம் எழுதி வாங்குவார்கள். தேவைப்பட்டால் பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்துவார்கள்.

இதில் காவலரின் பங்கு கூட நிற்பதுதான். தகவல் எங்கிருந்து வந்தது என்று வந்த அலுவலர்களுக்கே பல நேரம் தெரியாது. அதனால் யார் கேட்டாலும் அவர்களால் சொல்ல முடியாது. இந்த முறையின் உயிர்நாடியே அதுதான். எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே வெளியூர்க் கோயிலில் தாலி கட்டி முடிப்பவர்கள் உண்டு. ஒருமுறை போனதோடு விடாமல் அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பினாளா என்று பார்க்கும் ஆள் இருக்கும் ஊரில்தான் கல்யாணம் உண்மையிலேயே நிற்கிறது. அந்த ஆள் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ கிராம சுகாதாரச் செவிலியராகவோ இருப்பார்.

அதற்கு முந்தைய பாடம் பெண் சிசுக்கொலையில் கிடைத்தது. கள்ளிப்பாலும் நெல்மணியும் செய்திகளில் அடிபட்ட 1990களில், சில தாய்மார்கள் மீது கொலை வழக்குப் பதிந்து சிறைக்கு அனுப்பினார்கள். கணவனும் மாமியாரும் வீட்டில் இருந்தார்கள். வழக்குக்குப் பயந்து ஊர் இன்னும் இறுக வாயை மூடிக்கொண்டது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. தர்மபுரியில் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டன. பெண் குழந்தை இருக்கும் வீட்டில் மீண்டும் கர்ப்பம் என்றால் செவிலியர் கூடுதலாகப் போய்வந்தார். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பேச ஆரம்பித்தன. கொலையாக இருந்தது குறைந்தது. அது கருவிலேயே நடக்கும் கொலையாக இடம் மாறிய சோகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டவிரோதமாக ஸ்கேன் செய்து பாலினம் சொல்லும் கும்பல்கள் அதே மாவட்டங்களில் இன்றும் பிடிபடுகின்றன.

அக்கம்பக்கத்து அனுபவம்

கேரளம் 2008-இல் 20 காவல் நிலையங்களில் ஜனமைத்ரி என்ற சமூகக் காவல் திட்டத்தைத் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தது ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான பீட் காவலர் ஏற்பாடு. தன் பகுதியின் ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் போய்ப் பேசிப் பழக வேண்டும். தனியாக இருக்கும் முதியவர் யார், எந்த வீட்டில் தினமும் அடிதடி என்பது வழக்கு வருவதற்கு முன்பே நிலையத்துக்குத் தெரிந்திருக்கும். குடிமக்கள் குழுவில் குற்ற வழக்கில் சிக்கியவர்களுக்கு இடமில்லை. குழு உறுப்பினருக்குக் காவல் அதிகாரம் எதுவும் கிடையாது. 2011-ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டத்திலேயே சமூகக் காவலுக்கு இடம் கொடுக்கப்பட்டிருப்பதால், அதிகாரி மாறினால் திட்டம் செத்துப்போகும் நிலை அங்கே குறைவு. தமிழகத்திலும் சில மாவட்டங்களில் கிராமத்துக்கு ஒரு காவலர் என்று பொறுப்புப் பிரித்து, வாட்ஸ்அப் குழு வைத்து, நல்ல வேலை நடந்திருக்கிறது. ஆர்வமுள்ள கண்காணிப்பாளர் மாற்றலாகிப் போனதும் குழுவில் காலை வணக்கம் மட்டும் மிஞ்சுகிறது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1998-ஆம் ஆண்டின் குற்றம், ஒழுங்கின்மைச் சட்டம், ஒவ்வொரு வட்டாரத்திலும் காவல்துறையும் உள்ளாட்சி மன்றமும் சேர்ந்து குற்றக் குறைப்புத் திட்டம் தீட்டுவதைச் சட்டக் கடமை ஆக்கியது. தீயணைப்பு, சுகாதாரம், நன்னடத்தைத் துறை ஆகியவையும் பின்னர் அந்த வட்டத்துக்குள் வந்தன. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உள்ளாட்சி எந்த முடிவெடுத்தாலும் அது குற்றத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று யோசிக்கச் சொல்கிறது. தெருவிளக்கு, பேருந்து நேரம், இளைஞர் மன்றம் எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். நம் ஊராட்சித் தலைவருக்கு இப்படி ஒரு சட்டக் கடமையும் இல்லை; காவல் ஆய்வாளரிடம் விளக்கம் கேட்கும் உரிமையும் இல்லை.

முறப்பநாடும் திருமயமும்

தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், தாமிரபரணியில் மணல் திருட்டு பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அன்று நடப்பில் இருந்த பழைய சட்டத்தின் 40-ஆவது பிரிவு என்ன செய்யச் சொன்னதோ, அதைத்தான் அவர் செய்தார். 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில் அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்து வெட்டிக் கொன்றார்கள். சில மாதங்களிலேயே இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும். புகாருக்கும் கொலைக்கும் இடைப்பட்ட நாட்களில் அவருக்கு என்ன காவல் இருந்தது என்ற கேள்விக்குத் தீர்ப்பு பதில் ஆகாது.

2025 ஜனவரி 17 அன்று புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில், சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து மனுக் கொடுத்துவந்த ஜகபர் அலி டிப்பர் லாரி மோதிக் கொல்லப்பட்டார். விபத்து என்று தொடங்கிய வழக்கு கொலை வழக்காக மாறி, சிபிசிஐடிக்குப் போனது.

இரண்டு பேருமே தகவலை ரகசியமாகக் கிசுகிசுத்தவர்கள் கிடையாது. பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு, முறைப்படி கொடுத்தவர்கள். இவர்களைப் போன்றவர்களைச் சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும் தொடுவதில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அந்தத் திட்டமும், சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398-ஆவது பிரிவும் வழக்குச் சாட்சிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வழக்கே பதிவாகாத நிலையில் மனுக் கொடுத்தவர் எந்தச் சாட்சி? அவருடைய மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியருக்கும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், கடைசியில் அதே ஊருக்கும் இறங்கி வரும். வழியில் எத்தனை மேசை, எத்தனை கண். எதிராளியின் காதுக்கு எட்ட அதிக நேரம் ஆகாது.

கூட்டு என்ற பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். குவாரி, மணல், சாராயம், கஞ்சா, சாதி வன்கொடுமை ஆகியவை பற்றிய மனுக்களில் அனுப்பியவர் பெயரை முதல் மேசையிலேயே மறைத்து, எண் மட்டும் கொடுத்துக் கீழே அனுப்பலாம். புகார் கொடுத்த கிராம அலுவலருக்கு ஆபத்து இருக்கிறதா என்று அந்த வாரமே துணைக் கண்காணிப்பாளர் மட்டத்தில் பார்த்து எழுத்தில் பதியலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். பெயர் கசிந்தால் கசியவிட்டவர்மேல் நடவடிக்கை என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு கை கிராம சபை. குடியரசு தினம், மே நாள், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீர், வேலைத்திட்டம், வரவு செலவு எல்லாம் வாசிக்கப்படுகிறது. காவல் நிலையத்தின் அறிக்கை வாசிக்கப்படுவதில்லை. இந்த ஊராட்சியில் கடந்த கூட்டத்துக்குப் பிறகு எத்தனை புகார், எத்தனை முதல் தகவல் அறிக்கை, எத்தனை 'விசாரித்து முடிக்கப்பட்டது', திருட்டுப்போன மோட்டார் வயரில் எவ்வளவு மீட்கப்பட்டது என்று ஒரு பக்கத் தாளை நிலைய எழுத்தர் தயாரித்துவிடலாம். அதை ஓர் உதவி ஆய்வாளர் வந்து வாசித்து, கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்லட்டும். காலனி மக்களும் பெண்களும் கேட்பதற்கு முதல் கால் மணி நேரத்தை ஒதுக்கட்டும். யார் தகவல் சொன்னார் என்பது அங்கே வரக்கூடாது. சொன்ன தகவல் என்ன ஆனது என்பது அங்கே வந்தே ஆக வேண்டும்.

கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாராயம் காய்ச்சுவதைப் பற்றித் தொடங்கிய பேச்சு, மலைக்குச் சாலை இருக்கிறதா, பேருந்து போகிறதா, மருத்துவம் கிடைக்கிறதா என்ற இடத்துக்குப் போய் நின்றது. காய்ச்சுவதை விட்டவருக்கு வேறு பிழைப்பு வேண்டும். அதைக் காவல் கண்காணிப்பாளரால் கொடுக்க முடியாது. பழங்குடியினர் நலத் துறை, வனத் துறை, போக்குவரத்துக் கழகம், கூட்டுறவு வங்கி ஆகியவற்றின் அலுவலர்கள் ஊர் மக்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்தத் துறை எந்தத் தேதிக்குள் எதைச் செய்யும் என்று எழுதி, அந்தத் தாளை அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும். உயர் நீதிமன்றம் கேட்டால்தான் இந்தத் துறைகள் கூடும் என்ற நிலையை மாற்ற மாவட்ட ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும்.